கூஜாவுக்கு வாய்த்த ஸ்வெட்டர்

லூனன்பர்க் கவுண்டி, நோவா ஸ்கோஷியா
அக்டோபர், வியாழக்கிழமை

அன்பும் மரியாதைக்கும் உரிய வெர்னா அக்காவுக்கு, தம்பி கிளைட் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. அங்கே ஒன்டாரியோவில் நீயும் மச்சானும் மச்சானுடைய புதுப் பல்செட்டும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

முதலில் முக்கியமான விஷயம். போன கடிதத்தில் அம்மாவின் மோதிரத்தை அனுப்பச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதை அனுப்ப வேண்டாம். எதற்குக் கேட்டாய் என்று நீ கேட்பாய். சும்மா பார்க்கத்தான் என்று அப்போது எழுதினேன். அறுபத்தாறு வயதுக் கட்டை பிரம்மச்சாரி பெண்கள் மோதிரத்தைச் சும்மா பார்க்கக் கேட்பானா? நீயும் நம்பியிருக்க மாட்டாய். ஆகவே நடந்ததை எழுதுகிறேன், சிரிக்காமல் படி. மச்சானுக்கு வாசித்துக் காட்டாதே.

நம் தெருக்கோடியில் டெல்மா ஹிமல்மன் இருக்கிறாள், நினைவிருக்கும். புருஷன் போய் ஆறேழு வருடம் ஆகிறது. கார் நிறுத்தும் கொட்டகையில் அண்டா வைத்துக் கம்பளி நூலுக்குச் சாயம் போட்டு விற்கிறாள். வெங்காயத் தோலில் ஒரு மஞ்சள் வரும் பார், தேன் தோற்றுவிடும். அவுரியில் போடும் நீலம் அதைவிட விசேஷம். நான் ஆற்றில் ஃபெர்ரி ஓட்டியவன். காலமெல்லாம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்தேனே தவிர, ஒரு பெண் வீட்டுக்கு நேராகப் போய் ஒரு வார்த்தை பேசத் தெரியாது. போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. நூல் வாங்கினேன். வாங்கிய நூலை என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். பின்னுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் புதன்கிழமைதோறும் சர்ச் ஹாலில் கூடும் பின்னல் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். பதினோரு பெண்கள், ஒரு நான்.

என் கைவேலையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, சொன்னால் போலீஸ் வரும். முதலில் பின்னிய கழுத்துத் துண்டு ஒரு முனையில் நாடா அகலமும் மறு முனையில் மேசை விரிப்பு அகலமுமாக இருந்தது. தொப்பி பின்னினேன், அதில் பூசணிக்காயை வைத்துத் தூக்கி வரலாம். நூல் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க ஃப்ரீசரில் வை என்று சொன்னார்கள், வைத்தேன். இப்போது என் ஃப்ரீசரில் மீனுக்கு இடமில்லை.

கோடையில் டெல்மா வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டார்கள். மகன் கால்கரியில் இருக்கிறான், அங்கே வந்துவிடு என்று கூப்பிடுகிறானாம். வாயால் கேட்கத்தான் வக்கில்லை, அவள் சாயம் போட்ட நூலிலேயே அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தால் புரிந்துகொள்வாள் என்று முடிவு செய்தேன். இந்த யோசனை எனக்கு வந்தபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

அக்கா, இங்கேதான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூட்டத்தின் தலைவி எல்வா ஸ்விக்கர் ஒரு புதன்கிழமை என் மடியில் கிடந்ததை இழுத்துப் பார்த்தாள்.

"யாருக்குப்பா இது?"

"எங்க வெர்னா அக்காவுக்கு."

"உங்க அக்கா இவ்ளோ பெருசா? ரெண்டு வெர்னா உள்ள போயிடலாம் போலிருக்கே!"

"ஒன்டாரியோ போனதுல இருந்து கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டா" என்றேன். உன் பெயர் இங்கே அப்படிக் கெட்டுக் கிடக்கிறது, மன்னித்துக்கொள். ஆனால் எல்வா விடுகிற ஆளா?

"நீலம். டெல்மாவோட நீலம். டெல்மா கண்ணும் நீலம். எங்களையெல்லாம் பைத்தியம்னு நெனச்சியா கிளைட்? அடப்பாவி, மோதிரம் போடாம ஸ்வெட்டரா பின்னுறே? உனக்கு யாருமே சொல்லலியா?"

ஹாலில் இருந்த அத்தனை ஊசிகளும் நின்றுவிட்டன. கல்யாணம் நிச்சயமாகாத ஆளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தால் அந்த ஆள் ஓடிப்போவது நிச்சயமாம். பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாபமாம். எல்வாவின் தங்கை ஒருத்தனுக்குப் பின்னினாளாம். கடைசிப் பொத்தான் தைத்த அன்றே அவன் ஹாலிஃபாக்ஸுக்குப் போய் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டானாம். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையிலும் ஸ்வெட்டர் மட்டும்தான் வீட்டில் மிஞ்சியது.

"பரிகாரம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டேன்.

"மோதிரம் மொதல்ல, ஸ்வெட்டர் அப்புறம். அதுக்குள்ள கை துறுதுறுன்னு இருந்தா முடிக்காம வச்சிரு. முடியாத ஸ்வெட்டருக்கு சாபம் கெடயாது."

அதற்காகத்தான் உன்னிடம் மோதிரம் கேட்டேன். நீயோ பதிலே போடவில்லை. இதற்கிடையில் டெல்மா வாசலில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. நான் அவசரக்குடுக்கை, உனக்குத் தெரியாததா? சாபமாவது ஒன்றாவது என்று இரண்டு கையையும் பின்னி முடித்தேன்.

முடித்து விரித்துப் பார்த்தால் ஒரே ஸ்வெட்டரில் மூன்று நீலம். கையால் சாயம் போட்ட நூல் கண்டுக்குக் கண்டு மாறும், ரெண்டு கண்டை வரிக்கு வரி மாத்தி மாத்திப் பின்னுங்க என்று டெல்மா ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுத்தாள். அவள் சொல்லும்போது நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவுரி ஏறிய நகங்களை. முன்பக்கம் விடியற்காலை, பின்பக்கம் நடுக்கடல், இடது கை இரண்டிலும் சேராத ஒரு பச்சை.

அதுகூடப் பரவாயில்லை, அளவுதான் எனக்கு எமனாக வந்தது. ஒரு பெண்ணிடம் போய் உன் சுற்றளவு என்ன என்று கேட்க முடியுமா? பெரிதாகப் பின்னிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்பா ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போட்டுக்கொண்ட கையுறைகளை அம்மா அப்படித்தானே செய்வாள்? தலையணை அளவுக்குப் பின்னி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கசக்கி அப்பாவின் கை அளவுக்குக் கொண்டு வருவாள். காற்று நுழையாது, ஈரம் நுழையாது. அதே முறையில் ஸ்வெட்டரை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அம்மா நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து அளந்து பார்ப்பாள் என்பது எனக்கு நினைவுக்கு வந்தபோது நான் வாசலில் எல்வாவோடு முட்டைக்கோஸ் ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடிப் போய்க் கரண்டியால் தூக்கினேன். அக்கா, ஸ்வெட்டர் கரண்டியிலேயே உட்கார்ந்திருந்தது.

கழுத்து, கை, இடுப்பு எல்லாம் இருந்தது. பூனைக்குக்கூட இறுக்கமாக இருக்கும். தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. ஒரு ஸ்வெட்டரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பெண் கேட்கப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டெல்மா மூக்கு வைத்த கூஜாவில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். "பையில என்ன துருத்திக்கிட்டிருக்கு கிளைட்?" என்றாள். எடுத்து நீட்டினேன். அந்த இடத்தில் ஒரு ஆண்மகன் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"டீக் கூஜாவுக்கு உறை."

அவள் அதைக் கூஜாவுக்கு மாட்டிப் பார்த்தாள். ஒரு கை வழியாக மூக்கு வந்தது, மறு கையில் பிடி சரியாக உட்கார்ந்தது. அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது.

"கூஜாவுக்குக் கழுத்து எதுக்கு?"

"மூடி போடத்தான்."

அவள் சிரித்தாள். முந்தானை மாதிரி மாட்டியிருந்த சாயத் துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். டீ ரொம்ப நேரம் சூடாகவே இருந்தது, அதைப் பற்றிப் பேசினோம். கால்கரியில் குளிர் எப்படி என்று பேசினோம். பிறகு நான் எழுந்து வந்துவிட்டேன். கேட்கவில்லை அக்கா. படிக்கட்டில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன், கூடத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் இல்லாத இந்தத் தெருவில் நான் எந்தக் காரணத்தைச் சொல்லி நடப்பேன்?

சாபம் பலித்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், மோதிரம் உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும். உன் பேத்திகளில் யாருக்காவது கொடு. மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். ஃப்ரீசரில் நிறைய நூல் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரைத் தம்பி,
கிளைட் கார்க்கம்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. டெல்மா. கக்கத்தில் ஒரு மூட்டை.

"ஏங்க, கூஜாவுக்கு யாராவது அக்குள் வச்சுப் பின்னுவாங்களா? ராத்திரி கழட்டிக் கழுவும்போதுதான் பாத்தேன். எல்வாவுக்கு ஃபோன் போட்டேன், எல்லாத்தையும் கொட்டிட்டா."

அவள் மூட்டையைப் பிரித்து என் தோளில் வைத்து அளந்தாள். வெங்காய மஞ்சளில் ஸ்வெட்டர், என் அளவு, அச்சு அசல். வலது கை மட்டும்தான் இருந்தது.

"போன பனிக்காலத்துலயே ஆரம்பிச்சேன். சாபத்துக்குப் பயந்து ஒரு கைய நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க வாயத் தொறப்பீங்கன்னு எத்தனை நாள்தான் பாக்கறது? மகன் வேற கூப்பிடறான். வெறுமனே நூலா வாங்கி வாங்கி அடுக்கினா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

கேட்டுவிட்டேன் அக்கா. தலைகால் புரியாமல் என்னென்னவோ உளறினேன், ஆனால் கேட்டுவிட்டேன். சரி என்றாள். நாளைக்குக் கடப்பாரையோடு வந்து வாசல் பலகையைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறாள்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மோதிரத்தை உடனே அனுப்பு. அது விரலில் ஏறினால்தான் அடுத்த கையைப் பின்னுவாளாம். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், இடது கை குளிர்கிறது.