உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி

ஆசிரியர் ஐயாவுக்கு, என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரும்பாறைப் பக்கம் குதிரையில் காப்பி மூட்டை ஏற்றிப் பிழைக்கிறேன். எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம் போட்டுவிடுங்கள். இதில் வருகிற மனிதர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இது அவர் காதில் விழ வேண்டும்.

கொடைக்கானல் மலையில் வெங்காயத்தைவிட அதிகம் பேரை அழவைத்தவர், கருமாதி கிட்டார் என்று ஊர் கூப்பிடுகிற பாட்டுக்காரர்தான். நான் அவரை அண்ணன் என்பேன். அவருடைய அம்மா அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். வெளிநாட்டு வாத்தியார் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கிட்டார்தான் அவர் சொத்து. அதை உரச்சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நான் மூட்டை ஏற்றிப் போகிற மலை ஏற்றத்தில் என்கூடவே நடந்து வருவார். எல்லாம் சொந்தப் பாட்டு. சினிமாப் பாட்டு கேட்டால், "அதத்தான் அவங்களே பாடிட்டாங்களே" என்பார். அவர் பாட்டில் மழை விடாது. லாரி பள்ளத்தில் உருளும். காட்டுமாடு முட்டும். பெண்டாட்டி முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள். கடைசி வரிக்குள் யாராவது செத்திருப்பார்கள்.

நாயுடுபுரத்தில் ஒரு ஓட்டலில், தீ மூட்டிக் குளிர்காயும் விருந்தாளிகளுக்குப் பாடும் வேலை கிடைத்தது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் புதுசாகக் கல்யாணமானவர்கள். இவர், பெண்டாட்டி குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போன பாட்டை எடுத்தார். மூன்றாவது அடியில் ஒரு புதுப்பெண் தேம்பித் தேம்பி அழுது, அம்மாவுக்குப் போன் போடச் சொன்னது.

"ஏங்க, சந்தோசமா ஒண்ணு பாடக் கூடாதா?" என்று மேனேஜர் கையைப் பிசைந்தார்.

"சந்தோசமா இருக்கவனுக்குப் பாட்டு எதுக்கு தம்பி?"

வேலை அதோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் அவர் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி கட்ட ஆரம்பித்தார். பட்டப்பெயரும் அப்போது வந்ததுதான்.

முதலில் மாட்டியவர் டீக்கடை முத்தையா. காலை வியாபாரம் சூடாக நடக்கும்போது கடை வாசலில் நின்று, "அடுப்பணைஞ்சு போச்சே முத்தையா, கடைசி வடை கருகிப் போச்சே" என்று கிட்டாரை மீட்டினார். முத்தையா எண்ணெய் சொட்டும் கரண்டியோடு பாய்ந்து வந்தார்.

"ஏலே, நான் உசுரோட நிக்கேன்லே!"

"அதனாலதான் பாடுறேன். செத்த பெறகு பாடினா ஒனக்குக் கேக்குமா?"

முத்தையா ரோடு வளைவு வரைக்கும் விரட்டினார். ஒரு வாரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏப்பா, அந்தக் கருமாதிகிட்டச் சொல்லு. வடையப் பத்திப் பாடினது சரிதான். என் சட்னியப் பத்தி ஒரு வரி இல்லையே?"

அதன்பிறகு மிளகு பறிக்கிற பெண்கள்கூட, "எனக்கு எப்பண்ணே கட்டப் போற?" என்று கேட்டார்கள். அவரவர் ஒப்பாரியை அவரவரே கேட்டு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வேலைக்குப் போவார்கள். தங்களைப் பற்றி வேறு யாரும் அவ்வளவு பேசியதில்லை.

ஒரு தடவை பட்டணத்திலிருந்து குடுமி போட்ட ஒருவர் பாட்டுப் பதிவுசெய்ய மைக்கோடு வந்தார். காப்பிக் களத்தில் உட்காரவைத்து, "கொஞ்சம் பாசிட்டிவா பாடுங்க சார், சாவெல்லாம் வேண்டாம்" என்றார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். அங்கேயே அவருக்கு ஒரு ஒப்பாரி கட்டினார், குடுமியையும் விடாமல். வந்தவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வண்டி ஏறினார். பதிவான ஒரே பாட்டு இப்போதும் போனில் கிடைக்கிறது. நடுவில் என் குதிரை செருமுகிற சத்தமும் கேட்கும். அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது அவருக்குத் தொண்டையில் வியாதி. நாயுடுபுரத்தில் அக்கா வீட்டில், இரண்டு கம்பளிக்குள் கிடக்கிறார். குரல் போய்விட்டது, வெறும் காற்றுதான் வருகிறது. போன மாதம் பார்க்கப் போனபோது பக்கத்தில் கூப்பிட்டார்.

"எல்லாத்துக்கும் பாடிட்டேன்டா. எனக்கு எவன் பாடுவான்? நீ பாடு."

"எனக்குப் பாட வராதுண்ணே."

"அப்பச் சொல்லு. சொணங்காமச் சொல்லு."

நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு வாய் வராது. வழியெல்லாம் குதிரையிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மிளகு விளைச்சலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். கடைசியாகப் போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா வாசல் வரைக்கும் வந்தார்.

"டாக்டர் நாள் சொல்லிட்டாருப்பா. அவன் நீ வர்ற சத்தத்துக்குத்தான் காத்துக் கெடக்கான்."

அந்த அக்கா வாரா வாரம் உங்கள் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டுவார். அதனால்தான் வாயால் முடியாததைக் கையால் எழுதுகிறேன். அக்கா, இதற்குப் பிறகு வருவதை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.

அண்ணே, ராகம் எனக்கு வராது. ஏத்தம் அதே ஏத்தந்தான். மூட்டையும் அதே மூட்டைதான். நீங்க என்கூட நடந்து வராத இந்த ஆறு மாசமா, தூரம் மட்டும் கூடிக்கிட்டே போகுதுண்ணே.

கார்த்திகை மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை.