மார்ச் எட்டாம் தேதித் தாளில் மஹ்ரீன் பெயர் வந்த விதம்

சிவகாசி,
8.11.2025, சனிக்கிழமை

கோயம்புத்தூரில் நலமாக இருக்கும், இருக்க வேண்டிய, என் அன்புச் சித்திக்கு,

ஸ்ரீமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அச்சகம் மூவரும் நலம். நான் மட்டும் நலமில்லை. ஏன் என்பதை நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், எனக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்காமல் எழுதப் போகிறேன். இதில் ஓர் இடத்தில்கூடப் பொறாமை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை விருதுநகரில் மாவட்டப் பேச்சுப் போட்டி. தலைப்பு 'பெண்ணியம் என்றால் என்ன?' பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். எங்கள் தமிழாசிரியை அனுப்பிரியா டீச்சர், உங்களோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்தான், "ஆளுக்கு அஞ்சு பேர்கிட்டயாவது கேட்டுட்டு வந்து வகுப்புல பேசுங்க, நல்லாப் பேசுறவளை அனுப்புறேன்" என்றார். சித்தி, நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து இந்த ஒரு போட்டிக்காகத்தான் காத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய மூன்று புத்தகங்களையும் அடிக்கோடிட்டுப் படித்தேன். என் பக்கத்தில் உட்காரும் மஹ்ரீனிடம் அவற்றைக் காட்டியபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, "ஏட்டி, இதுல எது ரொம்பச் சின்னது?" என்பதுதான். அந்தச் சின்னதையும் அவள் படிக்கவில்லை. மஹ்ரீன் நல்ல பெண். அவள் கையெழுத்து அழகு. குரல் அழகு. மூன்று மணி வெயிலில்கூட அவள் முகத்தில் எண்ணெய் வழிவதில்லை. இவற்றைத் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நான் நோட்டும் பேனாவுமாக எங்கள் அச்சகத்துக்குப் போனேன். மஹ்ரீனும் "நானும் சும்மா வாரேன்" என்று கூடவே வந்தாள். தினசரி காலண்டர் சீசன் என்பதால் உள்ளே கால் வைக்க இடமில்லை. முதலில் அப்பாவைக் கேட்டேன். "பெண்ணியம்னா என்னம்மா, பொம்பளைக்கு மரியாதை குடுக்கிறது. உங்கம்மாகிட்டக் கேக்காம நான் ஒரு காரியம் செஞ்சிருக்கேனா?" என்றார். சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டிருந்த அம்மா, "ஆமா, கேப்பீக. 'குழம்புக்கு உப்புப் போட்டியா'ன்னு கேப்பீக" என்றார். அப்படியானால் பெண்ணியம் என்றால் என்ன என்று அம்மாவைக் கேட்டதற்கு, "முன்னாடி ஒரு வேலை பாத்தோம், இப்ப ரெண்டு வேலை பாக்கோம், அதுக்கு வச்சிருக்கிற பேரு" என்றார். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் காளீஸ்வரன் அண்ணன், "ஆம்பளைங்களைத் திட்டுறது பாப்பா. எதுக்குத் திட்டுறாகன்னு எழுதிறாத, எனக்குத் தெரியாது" என்றார். கட்டிங் மெஷின் ஆபரேட்டர் தருண்குமார், "லேடீஸ் ஃபர்ஸ்ட். பஸ்ஸுல எந்திரிச்சு சீட்டு குடுக்கணும்" என்றார். நீ கொடுத்திருக்கிறாயா என்று மஹ்ரீன் கேட்டாள். "நான் பைக்குல்ல" என்றார். காலண்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்த விருதுநகர் வத்தல் மண்டிக்காரர், யாரும் கேட்காமலேயே, "நல்ல விசயந்தான் பாப்பா, நாட்டுக்கு வேணும். வீட்டுக்குத்தான் வேண்டாம்" என்றார்.

ஆறாவதாகக் கற்பகவல்லி அக்கா. பதினான்கு வருடமாக எங்கள் அச்சகத்தில், அதே கட்டிங் மெஷின் பக்கத்தில் இருப்பவர். "அதெல்லாம் எனக்கென்ன தெரியும் பாப்பா? இந்த மிசினை நாந்தான் ஓட்டுறேன். தருணு என்கிட்டதான் படிச்சான். அவன் பேரு ஆபரேட்டர், எம் பேரு ஹெல்பர். ஓட்டுறவளை ஆபரேட்டர்னு சொல்லட்டும், அம்புட்டுத்தான்" என்றார். நான் நோட்டின் ஏழாம் பக்கத்தில் அதை எழுதி, அடியில் 'பதில் வரையறைக்குள் வரவில்லை' என்று குறித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கடமை முடிந்தது. மஹ்ரீன் வரவில்லை. அக்கா பக்கத்தில் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, சாத்தூர் சேவைத் தின்றுகொண்டு, ஒரு மணி நேரம் கதை கேட்டிருக்கிறாள். இதையா உழைப்பு என்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பேசினோம். நான் பதினொரு நிமிடம் பேசினேன். என் வரையறையை உங்களுக்கு மட்டும் தருகிறேன்: 'சமூக, பொருளாதார, அரசியல், பண்பாட்டுத் தளங்களில் வரலாற்றுக் காலந்தொட்டு நிலவிவரும் பாலினப் பாகுபாட்டினைக் கண்டறிந்து, பகுத்தாய்ந்து, களைந்து, சமத்துவம் நோக்கி நகரும் சிந்தனை மற்றும் செயல்பாடுகளின் தொகுப்பே பெண்ணியம்.' இருபத்தொரு சொற்கள். மூச்சு விடாமல் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். டீச்சர், "நல்லாத் தயாரிச்சிருக்க, தண்ணி குடி" என்றார். அடுத்து மஹ்ரீன். இரண்டே நிமிடம். ஓர் அச்சகம், ஒரு மெஷின், ஓர் அக்கா, பிளேடு இறங்கும்போது அந்த அக்கா கையை எப்படி எடுப்பார், அவ்வளவுதான். கடைசியில், "ஓட்டுகிறவளை ஆபரேட்டர் என்று சொல்லுங்கள், அதுதான் பெண்ணியம்" என்றாள். கொட்டாவி விட்டவள் எழுந்து நின்று கைதட்டினாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விருதுநகருக்கு மஹ்ரீன்.

சித்தி, அது எங்கள் அச்சகம். எங்கள் மெஷின். எங்கள் கற்பகவல்லி அக்கா. எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து பார்க்கிற அக்காவை, ஒரு பொட்டலம் சேவில் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலையே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் சொன்ன வரியை எழுதி, ஒரு கோடு போட்டு '– மஹ்ரீன்' என்று பெயரும் எழுதி, கீழே 'இது பெண்ணியம் அன்று. இது அச்சகச் செய்தி' என்று என் மறுப்பையும் எழுதினேன். பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது. காகிதத்தின் தரம் அப்படி.

இனிமேல்தான் விபரீதம். அந்த வத்தல் மண்டிக்காரருக்கு மார்ச் எட்டாம் தேதித் தாளில் மகளிர் தினத்துக்கு ஒரு பொன்மொழி வேண்டுமாம். அப்பா, "நீதான் படிக்கிற புள்ள, ஒண்ணு குடு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பேச்சு போனால் போகட்டும், ஊர் ஊராகச் சுவர் சுவராக என் வரையறை தொங்குமே! நோட்டையே காளீஸ்வரன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். அவர் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு என்னிடம் சொன்னது இது: "உன்னதைப் போட்டா ராகுகாலம் வெளிய போயிருது பாப்பா. எமகண்டத்தை எடுக்கலாம்னு பாத்தேன், முதலாளி கொன்னுருவாரு. கடைசிப் பக்கத்துல ஒண்ணு கச்சிதமா ரெண்டே வரியில இருந்துச்சு, பேரோட. அதைப் போட்டுட்டேன்." என் மறுப்பு? "அதுக்கு எடமில்ல."

அப்பா புரூஃப் பார்த்தார். ஆனால் அவர் நல்ல நேரம் மட்டும்தான் பார்ப்பார். "ராகுகாலம் தப்பா வந்தா ஊரே கேக்கும், பொன்மொழி தப்பா வந்தா யாரு கேக்கா?" என்பது அவர் தொழில் கொள்கை. அச்சான பிறகு, "யாருலே இந்த மஹ்ரீன்? பெரிய அறிஞரோ?" என்று கேட்டிருக்கிறார். "அப்படித்தான் இருக்கும் முதலாளி, கோடு போட்டுப் பேர் எழுதியிருக்குல்ல" என்றிருக்கிறார் அண்ணன். அப்பாவுக்கு அவளைப் 'பேப்பர் கடை இஸ்மாயில் மக' என்றுதான் தெரியும். நாற்பதாயிரம் தாள், சித்தி. அதிலும் அடுத்த வருடம் மார்ச் எட்டு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் சிவப்பு மை. என் நோட்டிலிருந்து, என் அப்பா அச்சகத்தில், அவள் பெயர் சிவப்பில்.

ஆகவே நீங்கள் உடனே அனுப்பிரியா டீச்சருக்குப் போன் செய்து மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். மஹ்ரீன் ஒரு புத்தகமும் படிக்கவில்லை. அவள் பேசியது அவளுடைய சொந்தக் கருத்து அன்று. கற்பகவல்லி அக்கா சொன்னதை அக்கா பெயரைச் சொல்லாமல் சொன்னாள். மூன்றாவது, தகுதி என்று ஒன்று இருக்கிறது. இதை நீங்களாகவே சொல்வதுபோல் சொல்லவும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். தம்பிக்கு முத்தங்கள். எங்கும் நியாயம் நிலைத்து, உங்கள் போனில் சார்ஜ் குறையாதிருக்க வேண்டுகிறேன்.

என்றும் உண்மையை மட்டுமே எழுதும்,
ஸ்ரீமதி

பின்குறிப்பு: சித்தி, போன் செய்ய வேண்டாம். கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி அச்சகத்துக்குக் கொண்டுவந்தேன். இங்கே கட்டிங் மெஷின் நின்றுகிடந்தது. கற்பகவல்லி அக்கா மார்ச் எட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நான் சொன்னதுல்ல? பேரு மட்டும் யாரோடதோ இருக்கு" என்றார். அப்பா, "பொன்மொழிதான, யாரு சொன்னா என்ன? சாயங்காலம் லோடு போகணும், வெட்டு" என்றார். "சொன்னவுகளையே வெட்டச் சொல்லுங்க" என்று அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தருண்குமார் வெட்டினார். முதல் கட்டிலேயே தாளிலிருந்த தேதி எட்டின் தலை போய்விட்டது. அப்பா என் பக்கம் திரும்பி, "உன் நோட்டுலதான இருந்துச்சு, யாரு சொன்னது?" என்றார். உண்மையை எழுதுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே. ஏழாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அக்கா அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். "'பதில் வரையறைக்குள் வரவில்லை.' வரையறைன்னா என்ன பாப்பா?" இதற்குள்தான் ஒன்று அடங்க வேண்டும் என்று போடுகிற எல்லை அக்கா, என்றேன். "அதுக்குள்ள நான் எதுக்கு வரணும்?" என்றார்.

அந்த ஒரு தாள் மட்டும் மறுபடி அச்சானது. அடியில் '– கற்பகவல்லி, கட்டிங் ஆபரேட்டர்'. 'ஆபரேட்டர்' என்று போட அப்பா யோசித்தார்; தலையில்லாத எட்டைப் பார்த்தார்; சரி என்றார். மஹ்ரீனுக்குப் போன் செய்தேன். "ஏட்டி, நான் முதல் வரியிலயே கற்பகவல்லி அக்கா சொன்னாகன்னுதான ஆரம்பிச்சேன்? நீ குனிஞ்சு நோட்டைப் பாத்துக்கிட்டு இருந்த" என்றாள். அது உண்மை. அவள் பேசி முடிக்கும்வரை என் பதினொரு நிமிடத்தில் பிழை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆகவே மேலே எழுதியதில் பொறாமை இல்லை என்ற வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். மற்றபடி எனக்கு இப்போது மஹ்ரீன்மேல் ஒன்றுமில்லை. கற்பகவல்லி அக்காமேல்தான் கொஞ்சம். சிவப்பு மை அல்லவா.

இதை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைப்பது ஆபரேட்டரின் பொறுப்பு. இதுவரை தருண்குமார் அணைப்பார். இன்று அக்கா எழுந்து போகிறார். "பாப்பா, எழுதி முடிச்சிட்டியா?" என்கிறார். இன்னும் ஒரு வரி அக்கா, என்றேன். "உன் ஒரு வரி எனக்குத் தெரியும், ராகுகாலத்தையே வெளிய தள்ளுறது" என்று சொல்லி லைட்டை அணைத்துவிட்டார்.