வேட்டைப் பங்கு

கொம்பு மூன்று முறை முழங்கியதும் கருவேழ நாடு துள்ளி எழுந்தது. அரசர் காட்டுப்பன்றி வேட்டையை முடித்துவிட்டார். பத்து நாளில் தேர்தல்.

அந்த நாட்டில் ஓட்டுப் பெட்டி கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அரசர் வேட்டையாடிய பன்றிகளின் உப்புக்கண்டம் வீட்டுக்கு ஒரு பங்கு வழங்கப்படும். கை நீட்டி வாங்கியவர் அரசரை மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். இதுவரை வாங்காதவர் எவருமில்லை.

இம்முறை பன்றிகளைத் தோலுரித்த மாசானம் மூன்றாம் நாளே காய்ச்சலில் படுத்தார். உடன் கத்தி பிடித்த இருவர் இறந்தார்கள். மாசானத்தின் மனைவி பேச்சி அமைச்சர் செங்கோல்நேசரிடம் ஓடினாள்.

"ஐயா, அது நோவு புடிச்ச பன்னிங்க. நுரை தள்ளிப் படுத்துக் கெடந்ததைத்தான் ராசா அம்பு விட்டாங்களாம். கறியைக் குழி வெட்டிப் பொதைச்சிருங்க."

"படுத்துக் கிடந்த பன்றியை அரசர் வென்றார் என்கிறாயா? இது ராஜத்துரோகம்."

"என்னவா வேணா இருக்கட்டும். எம்மவ அதைத் தின்னா பொழைப்பாளா? அதைச் சொல்லுங்க!"

அமைச்சர் உடனே ஆணை பிறப்பித்தார். அரண்மனை அனுமதியின்றி எந்தப் பன்றிக்கும் நோய் வரக்கூடாது. காய்ச்சல் பரவியது. தமக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுப்போருக்கு மட்டுமே மருந்து என்றது அடுத்த ஆணை. அப்படியும் காய்ச்சல் அடங்காமல் போகவே, அதை நோய் என்று சொல்ல ஆளில்லாதபடி வைத்தியர்கள் அனைவரும் கறி சுமக்க அனுப்பப்பட்டார்கள்.

பத்தாம் நாள் மைதானத்தில் வரிசை நின்றது. பேச்சியின் முறை வந்தது. அவள் மகளை இடுப்போடு அணைத்தபடி நின்றாள், கையை நீட்டவில்லை.

"வாங்கு!" என்றார் அமைச்சர்.

"மொத துண்டை நீங்க தின்னுங்க. பெறகு வாங்கிக்கிறேன்."

"மக்களுக்கு உரியதில் நான் ஒருபோதும் கை வைத்ததில்லை."

"என்னைக்கிலேருந்து சாமி?" என்று வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பு கிளம்பியது. பேச்சிக்கு அடுத்து நின்றவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு வரிசை முழுவதும்.

மேடையில் இருந்த அரசருக்கு முகம் சிவந்தது. "என் விருந்தையா சந்தேகிக்கிறீர்கள்? இதோ பாருங்கள்!" என்று ஒரு பெரிய துண்டை எடுத்து, காலடியில் படுத்திருந்த வேட்டை நாயின் முன் வீசினார்.

செங்கோல்நேசர் தலைப்பாகை கழன்று உருள, மேடை மீது பாய்ந்து நாயின் வாயிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"வேண்டாம் அரசே! நமக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு நாய்தான்!"