கொம்பியூட்டருக்குள் தேயிலைத் தூள்

நான் ஒரு கோழை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்டுவிட்டு "ஐயோ பாவம், சின்னப் பிள்ளைதானே" என்று எனக்கு யாரும் வக்காலத்து வாங்கக் கூடாது.

ஹட்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த வாரம் அது. கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்த அண்ணன் போன் பண்ணினான். என்னைப் படிக்க வைப்பதற்காகத் தன் பள்ளிப் படிப்பை ஓ.எல். பரீட்சை எழுதியதோடு நிறுத்திக்கொண்டவன். (ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டாவது மனதை ஆற்றியிருப்பேன்.)

"தங்கச்சி, லெப்டொப்பா, டெஸ்க்டொப்பா? தெரிஞ்ச கடையில சொல்லி வைக்கணும்."

"டெஸ்க்டொப்."

"லூசா நீ? அக்கரப்பத்தனையில இருந்து தெனமும் பஸ்ல போகப்போற. பையில போட்டுட்டுப் போறத விட்டுட்டு..."

"லெப்டொப்பெல்லாம் வெளையாட்டுச் சாமாண்ணே. படிக்கிறவங்களுக்கு டெஸ்க்டொப்தான் சரி."

என்ன பேச்சு, என்ன பேச்சு! உண்மைக் காரணம் வேறு. டிக்கோயாவில் நான் கொம்பியூட்டர் பழகிய வகுப்பில் எல்லாமே டெஸ்க்டொப். ஒருநாள் வகுப்பு எடுத்த சேர் தன்னுடைய லெப்டொப்பை என் முன்னால் வைத்தார். நான் மவுஸைத் தேடினேன். மேசைக்கு அடியில் குனிந்தும் தேடினேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து லெப்டொப்பைக் கண்டாலே நான் அடுத்த மேசைக்கு மாறிவிடுவேன்.

ஆக, டெஸ்க்டொப் வந்து இறங்கியது. எங்கள் தோட்ட லயத்தில் ஒரே வரிசையில் இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பனி அழைப்பில்லாமல் வீட்டுக்குள் வரும். உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், காயப்போட்ட சட்டை மூன்று நாளைக்குக் காயாது. ஈரம் பட்டால் மெஷின் போய்விடும் என்று யாரோ சொன்னதும் நான் ஒப்பாரி வைக்காத குறைதான்.

அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை, கொழுந்தைக் காயவைக்கும் பகுதியில். "நல்லா காஞ்ச தூளு ஈரத்த இழுத்துக்கும்மா. அலமாரில அம்மா வச்சிருக்காளே, அந்த மாதிரி மேசைல பக்கத்துல வச்சுக்க" என்று பழைய வேட்டித் துணியில் தூளைக் கட்டி நாலு முடிச்சுகள் தந்தார்.

பக்கத்தில் வைப்பதாவது! நான் படித்தவள் அல்லவா? பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, நாலையும் உள்ளே வைத்தேன்.

"உள்ளுக்குள்ள வச்சா ஒண்ணும் ஆவாதாம்மா?" என்றார் அப்பா.

"கொம்பியூட்டர் ஒங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அப்பா தகட்டைப் பிடித்துக்கொண்டார். நான் ஆணியை முறுக்கினேன்.

முதல் தவணை முடிவில் ஒரு பரீட்சை. நாங்கள் எழுதிய புரோகிராமை அவரவர் மெஷினிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த தவணைக்குப் போக முடியாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். நான் செய்தது அக்கரப்பத்தனை பஸ் நேரம் சொல்லும் புரோகிராம். (பஸ்ஸே நேரத்துக்கு வராது என்பது வேறு விஷயம்.) மற்றவர்கள் லெப்டொப்பைப் பையில் போட்டு வந்தார்கள். நானும் அப்பாவுமோ பெட்டியைக் கொழுந்துச் சாக்கில் போட்டு, மொனிட்டரை அம்மாவின் கம்பளியில் சுற்றி, காலை பஸ்ஸில் ஏறினோம். சாக்கு அப்பாவின் மடியில், மொனிட்டர் என் மடியில். அந்த ரோட்டுக் குழிகளில் பஸ் குதித்த ஒவ்வொரு தடவையும் சாக்குக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

பரீட்சை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து சேர், வெள்ளைச் சட்டை. மற்றவர் சிங்கள மெடம், வெளிர் மஞ்சள் சாரி. சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு உள்ளே வந்த அப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "வாசல்லயே நில்லுங்கப்பா" என்றேன். நின்றார்.

பெட்டியை மேசையில் வைத்தேன். அதன் முதுகு சேர், மெடம் பக்கம் இருந்தது. வயர்களைச் செருகி, சாமியைக் கும்பிட்டு, சுவிட்சைப் போட்டேன்.

காற்றாடி 'விர்ர்' என்றது. உள்ளே கிழிந்து கிடந்த முடிச்சுகளின் தூளெல்லாம் பின்பக்கத்தால் புகையாகக் கிளம்பியது. வெள்ளைச் சட்டை பழுப்பானது. மெடம் ஏழு தடவை தும்மினார். எட்டாவது தும்மலுக்கு முன்னால் விரலால் சாரியைத் தொட்டு மோந்து, "அனே, மே தே குடு நேத?" என்றார். தேயிலைத் தூள்தானே என்று கேட்கிறார், தாயே!

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, ஆர் உதை உள்ளுக்க வச்சது?"

பரீட்சை போச்சு, இடம் போச்சு, அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் மனம் ஓடியது. என் வாய் சொன்னது: "தெரியாது சேர்."

வாசலில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"நான்தாங்க ஐயா. நான்தான் வச்சேன். ஈரத்துக்கு நல்லதுன்னு நெனச்சுட்டேங்க. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சொல்லிக்கொண்டே வந்து, தலைத்துண்டை அவிழ்த்து, சேரின் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

சேர் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "பரவாயில்லை ஐயா, விடுங்கோ. நல்ல தூள்தான்." பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, இனி ஓட்டிக் காட்டுங்கோ" என்றார். அந்தத் தெய்வ மெஷின் ஓடியது. பஸ் நேரம் சொன்னது. நான் பாஸ்.

இப்போது எனக்கு வேலையும் இருக்கிறது, லெப்டொப்பும் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் போதும், அப்பா கையை உயர்த்தி, "நான்தாங்க ஐயா" என்பார். ரொட்டி கருகினாலும், கரண்ட் போனாலும், மழை வந்து கோயில் தேர் நின்றாலும் அதே கை, அதே வசனம். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

போன தீபாவளிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, அன்னைக்கு உள்ளுக்குள்ள வச்சது அப்பா இல்ல. அவரு பக்கத்துல வைக்கத்தான் சொன்னாரு. நான்தான் வச்சேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். "என்னப்பா, தங்கச்சி புதுசா ஒண்ணு சொல்லுது?"

அப்பா வடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"அழ வச்சதும் நான்தாங்க ஐயா."

வீடே சிரித்தது. நான் சொன்னதை இன்றுவரை அங்கே ஒருவரும் நம்பவில்லை.