வெட்டச் சொன்ன உத்தோ

கடாவுத் தீவு,
செவ்வாய்க்கிழமை.

சுவா நகரத்தில் அத்தை வீட்டில் ஒளிந்திருக்கும் என் அன்பு மச்சான் இனோக்கேவுக்கு, உன் அக்கா மெரேயோனியின் கணவன் சகியூசா மரியாதையோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், பன்றிகள் சுகம். உன் அக்கா மட்டும் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்தான். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை என்பதால் கடிதம் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

போன வெள்ளிக்கிழமை நீ சுவா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாயே, லைன் முழுக்க ஒரே இரைச்சலாக இருந்ததே, அப்போது என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "என் உத்தோ ஒழுகுது மச்சான். வெட்டித்தான் சரி பண்ணணும்ங்கிறாங்க. என்ன செய்யட்டும்?" நெஞ்சுக்குள் துடிப்பதற்கும் மரத்தில் காய்ப்பதற்கும் உத்தோ என்று ஒரே பெயரை வைத்துவிட்டுப் போன நம் முன்னோரைத்தான் நீ கேட்க வேண்டும். உன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஈரப்பலா மரத்தைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதுவும் ஒரு மாதமாகப் பால் ஒழுகிக்கொண்டுதான் நிற்கிறது. அதனால் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, "இதுக்கா அழுவுறே? கெழட்டு உத்தோ, வெட்டித் தூரப் போடு, வேற ஒண்ணு நட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். நான் கோடரியைத் தீட்டப் போனேன்.

மரம் பாதி வெட்டுப்பட்டபோது நம் ஊர் நர்ஸ் வாசித்தி மூச்சிரைக்க ஓடிவந்து, நீ ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவிட்டதாக அங்கிருந்து செய்தி வந்திருப்பதாகவும், ஒழுகுவது மரம் இல்லை, உன் நெஞ்சு என்றும் சொன்னாள். நான் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன், மச்சான். உன்னைக் கேலி செய்வது என் உரிமை. ஆனால் உயிருக்குப் பயந்து நிற்பவனிடம் வேறொன்று நட்டுக்கொள் என்று சொல்லும் அளவுக்கு நான் பாவி இல்லை.

பிறகு இந்த நெஞ்சு என்னதான் செய்கிறது என்று அவளிடம் கேட்டோம். அவள் எங்களை ராத்திரி யாங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்காருகிற மாதிரி வட்டமாக உட்காரவைத்து, கைக்குக் கை போகும் யாங்கோனாச் சிரட்டைதான் ரத்தம் என்றாள். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் ரத்தம் வலது பக்கத்து மேலறைக்கு வந்து, கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்க் காற்று வாங்கிக்கொள்ளுமாம். நுரையீரலாக நம் போதகரை வைத்தாள். ஊரில் காற்று அவரிடம்தான் அதிகம். காற்று வாங்கிய ரத்தம் இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறைக்கு இறங்குமாம். அந்தக் கீழறை நான். நான் ஓங்கித் தள்ளினால் அது தலை முதல் கால் வரை போய், ஒரே நிமிஷத்தில் சுற்றி மறுபடியும் வலது பக்கம் வந்துவிடுமாம். அறைக்கு அறை கதவு உண்டு, போனது திரும்பி வரக் கூடாது. எனக்கும் மேலறைக்கும் நடுவே கதவாகக் கலியோவா மாமாவை உட்காரவைத்தாள். யாங்கோனாவைக் கண்டால் மாமா யார் பேச்சைக் கேட்பார்? நான் தள்ளியதில் பாதியைப் பின்பக்கமாக வாங்கி, தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, போதகர் பக்கமே திருப்பி அனுப்பினார். போதகர் மூச்சு முட்டத் திணறினார். கடைசியில் கால்விரலாக உட்கார்ந்திருந்த உன் அக்காவுக்குச் சொட்டுகூட வரவில்லை.

உன் வியாதி அவ்வளவுதான், மச்சான்: உன் நெஞ்சுக்குள்ளே ஒரு கலியோவா மாமா உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் நாலு படி ஏறினால் உனக்கு இளைக்கிறது. சுவாவுக்கு வந்திருக்கும் வெளிநாட்டு டாக்டர்கள் இருபதாம் தேதி ஊர் திரும்பிவிடுவார்கள். அதற்குள் போய்ப் படுத்தால் கதவைச் சரிசெய்துவிடுவார்களாம். விட்டால் அடுத்த வருஷம்தான், அதுவரை உன் நெஞ்சு தாங்காது என்கிறாள் வாசித்தி. இதில் பயப்பட என்ன இருக்கிறது? மயக்கமருந்து கொடுப்பார்கள், தூங்கி எழுந்தால் முடிந்தது. ஒரு கதவை ரிப்பேர் செய்வதற்கு ஒரு ஆம்பளை ஓடி ஒளியலாமா? உன் இடத்தில் நானாக இருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே போய்ப் படுத்திருப்பேன்.

அத்தைக்கு எங்கள் வணக்கம். உனக்கு நீண்ட ஆயுளும், அந்த டாக்டருக்கு நடுங்காத கையும் கிடைக்கச் சபையே ஜெபிக்கிறது.

இப்படிக்கு,
உன்னைத் திட்ட உரிமையுள்ள
சகியூசா

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் காலையில் எழுதியது. மத்தியானம் வாசித்தி, நல்ல உத்தோ எப்படிச் சத்தம் போடும் என்று எல்லாருக்கும் காட்டுவதற்காக என் நெஞ்சில் குழாயை வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "மாமா, நீங்களும் அடுத்த கப்பல்ல சுவாவுக்குக் கெளம்புங்க" என்றாள். உன் அக்காவிடம் உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். எனக்குப் பாட்டு ஒன்றும் வரவில்லை, மச்சான். நீ முதலில் போய்ப் படு. நான் வந்து இறங்குவதற்குள் எழுந்து உட்கார்ந்து, வலிக்கவே இல்லை என்று பொய்யாவது சொல்.