அடுத்தவர் விளையில் ஓர் அஸ்திவாரக் கல்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடுத்தவர் நிலத்துக்குள் ஒரு முழம் நுழைந்து வேலி போட்டவர்களின் கதை வீட்டுக்கு வீடு உண்டு. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மொத்த விளைக்குள்ளும் (தென்னை நிற்கிற நிலத்துக்கு எங்கள் ஊரில் விளை என்று பெயர்) நுழைந்து, நாடா பிடித்து அளந்து, மூலைக்கு மூலை கொடி நட்டு, பாதிரியாரை அழைத்து வந்து அஸ்திவாரக் கல்லும் போட்டது எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

நான் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விடை சுத்தமாக வந்துவிட்டால் கேள்வியை இன்னொரு தடவை வாசிக்க மாட்டோம். குழந்தைகளிடம் வாசிக்கச் சொல்வோம், அது வேறு.

அப்போது நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தோம், நானும் மாமியாரும். கணவர் ஜெரால்டு குவைத்தில். ஒரு விடுமுறைக்கு வந்தவர் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு விளையைப் பார்த்து, பிடித்துப்போய், பத்திரம் பதிந்து, மறுநாளே விமானம் ஏறிவிட்டார். எனக்குப் பரீட்சை மேற்பார்வை. நிலத்தைப் பார்க்கப் போகவில்லை. "நிலம் எங்க ஓடியா போவுது, பைய பாக்கலாம்" என்று மாமியும் சொன்னார். நிலம் ஓடவில்லை என்பது உண்மைதான்.

பிறகு வீட்டுக்காரர் வந்து, மகன் ஊருக்கு வருகிறான், வீடு வேண்டும் என்றார். எனக்குக் கோபமே வரவில்லை, ஆசைதான் வந்தது. சுவரில் ஓர் ஆணி அடிக்க அடுத்தவரிடம் அனுமதி கேட்டே கல்யாண வாழ்க்கை பாதி கழிந்திருந்தது. எனக்கென்று ஒரு சுவர் வேண்டும், அதில் நினைத்த இடத்தில் ஆணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. உடனே கல் போட்டு வேலையைத் தொடங்கிவிட நினைத்தேன்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாம்பல் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்துவிட்டால் தவக்காலம். தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வீட்டுக்குக் கல் போட மாட்டார்கள். நிலத்தை அளந்து தரச் சொல்லித் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். சர்வேயருக்கு வரிசையில் நிறைய வேலை கிடக்கிறது, ஈஸ்டர் கழியட்டும் என்றார்கள்.

"ஈஸ்டர் வரைக்கும் பொறு மக்களே" என்றார் மாமி.

"நாலு பக்கம் உள்ள ஒரு உருவத்த அளக்க எனக்கு ஆள் வேணுமா மாமி? நான் பிள்ளையளுக்கு வருஷம் பூரா என்னத்த சொல்லிக் குடுக்கேன்?"

மாமி முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டார். மாமி முறத்தை எடுத்தால் கவனிக்க வேண்டும் என்று இப்போது தெரியும்.

ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் என்று ஒன்று உண்டு. எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு எத்தனை மீட்டர், குறுக்கே எவ்வளவு, எங்கே கல் என்று எல்லாம் அதில் இருக்கும். இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பத்திரத்தைப் பிரித்தேன். சர்வே எண் என்று போட்டு ஓர் எண் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னோர் எண். முக்கியமானது என்றால் அதை ஏன் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்று நினைத்து, முதல் எண்ணைத் தட்டினேன். புலப்படம் வந்தது. பார்த்ததும் மெய்சிலிர்த்துவிட்டது. முழுக்க முழுக்க முக்கோணங்கள். (சிலருக்குத் தங்கநகைக் கடை விளம்பரம் பார்த்தால் இப்படி ஆகும்.)

கிராம வரைபடத்தை வைத்து இடத்தையும் நானே கண்டுபிடித்தேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. சொந்த நிலம் எங்கே இருக்கிறது என்று ஊராரிடம் கேட்பது கேவலம் இல்லையா? ஒரு சனிக்கிழமை நானும் மாமியும் ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். நாடாவின் ஒரு முனை என் கையில், மறுமுனை மாமி கையில். சரியாக வாசிக்கப் போகும்போது நாடா தொளதொளவென்று விழுந்தது. மாமியைக் காணோம்.

"மாமி, எங்க போனிய?"

"இங்க நல்ல நெத்துத் தேங்கா விழுந்து கெடக்கு மக்களே. நம்ம விளைத் தேங்காய நாம எடுக்காம வேற யாரு எடுப்பா?"

ஒரு சாக்கு நிறைய எடுத்தார். நானும்தான் கூடப் பொறுக்கினேன், அதை மறைப்பானேன்.

புல்லுக்கடியில் புலப்படம் சொன்ன இடத்திலேயே ஓர் எல்லைக் கல் இருந்தது. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தேன். அச்சுப் பிசகாமல் வந்தது. பரப்பைக் கணக்குப் போட்டபோது பத்திரத்தில் உள்ளதைவிட நிலம் கூடுதலாக இருந்தது. புத்தியுள்ள ஆளுக்கு அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அங்கிருந்தே ஜெரால்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

"கொள்ளாமே, நல்லதா போச்சு. முந்தி அளந்தவனுக்கு அளக்கத் தெரியாம இருந்திருக்கும்" என்றார்.

"இதுதான நீங்க பாத்த இடம்? நல்லா பாத்துச் சொல்லுங்க."

"கேமராவத் திருப்பு ஏட்டி. தென்ன நிக்கா?"

"நிக்கு."

"பக்கத்துல ரோடு உண்டா?"

"உண்டு."

"அப்போ அதுதான்."

(தென்னையும் பக்கத்தில் ரோடும் இல்லாத இடம் எங்கள் பக்கம் வேண்டுமென்றால் கடலுக்குள்தான் போய்த் தேட வேண்டும்.)

பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் பாதிரியார் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். அந்தக் காலத்தில் கணக்குத் தப்பாகப் போட்டதற்காக அவர் தலையில் நிறையவே குட்டியிருக்கிறேன். அந்தத் தலையைக் குனிந்துகொண்டே, "கட்டாயம் வாறேன் டீச்சர்" என்றார். சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் என்று முடிவானது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரையும் அழைத்தேன். நானே அளந்த கதையை வேலையற்றுப்போய் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். மாமி அந்தச் சாக்குத் தேங்காயைத் துருவிப்போட்டு முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டார்.

ஃபாதர் செபித்துத் தீர்த்தம் தெளித்தார். சிமெண்டு குழைத்து வைத்த குழியில் கல்லை என் கையாலேயே இறக்கினேன். கண்ணீர் வந்துவிட்டது. ஆணி அடிக்கப் போகிற சுவர் எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்த நேரத்தில் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். பெரிய மீசை. கூட்டத்தைப் பார்த்தார், ஃபாதரின் வெள்ளை அங்கியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் போய்க் கைகட்டி நின்றார். பக்கத்து நிலத்துக்காரர் மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாமி முந்திரிக்கொத்துத் தட்டை நீட்டினார். தின்றார்.

"தேங்கா நல்ல ருசி, கேட்டியளா" என்றார் மாமியிடம்.

"இந்த விளைத் தேங்காயாக்கும்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கல்லைப் பார்த்தார். "பள்ளிக்கு ஆகிப்போச்சில்லா, இனி என்னத்த சொல்ல" என்று பெருமூச்சு விட்டார். (எங்கள் பக்கம் கோயிலைப் பள்ளி என்றும் சொல்வார்கள்.) மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. மீசைக்காரர் செல்போனை எடுத்துக்கொண்டு ஒரு தென்னைக்குப் பின்னால் போனார்.

விருந்தாளி வெறும் ஒன்றோடு நிறுத்திவிட்டாரே என்று நான் தட்டோடு பின்னாலேயே போனேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி பிலோமினா, யாருட்ட கேட்டு நீ நம்ம விளைய மாதாவுக்கு நேர்ச்சையாக் குடுத்த?"

"நான் குடுக்கல்ல."

"பொய் சொல்லாத. மவளுக்கு விசா கெடச்சா மாதாவுக்கு ஒண்ணு செய்யுகேன்னு நேந்தியா இல்லியா?"

"நேந்தேன். மெழுகுதிரி நேந்தேன். விளைய எதுக்கு நேரப் போறேன்?"

"அப்போ சாமியாரு இங்க எதுக்குக் குருசடிக்குக் கல்லு போடுகாரு?"

சாமியார் என்றது எங்கள் ஃபாதரை; குருசடி என்றால் ரோட்டோரத்தில் இருக்கும் சின்னச் சிலுவைக் கோயில். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஆட்டோ பிடிச்சு வாறேன். அது வரைக்கும் சாமியாருட்ட சண்டைக்குப் போவாதீங்க" என்று பிலோமினா வைத்துவிட்டார்.

"அண்ணே, நீங்க எந்த விளையச் சொல்லுதிய?" என்று கேட்டேன்.

"நாம நிக்க விளையத்தான். அப்பன் காலம் முதல் எங்களுக்குள்ளதாக்கும்."

பாவம் என்று சிரித்தேன். அவரைக் கைபிடிக்காத குறையாகக் கூட்டி வந்து எல்லோர் முன்னிலையிலும் புலப்படத்தை விரித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் காட்டி, ஒரு சென்டிமீட்டர் பிசகு இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"அளவெல்லாம் ரொம்ப சரி டீச்சர். எங்க விளை இவ்வளவுதான் வரும்."

ஃபாதர் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"டீச்சர், இது திருவிதாங்கூர் காலத்துப் பழைய சர்வே நம்பர். ரீசர்வே பண்ணினப்போ நம்பரெல்லாம் மாறிப்போச்சு. இப்ப உள்ள புலப்படம் எல்லாம் புது நம்பருக்குத்தான். புது நம்பரு பிராக்கெட்டுக்குள்ள கெடக்கு." சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை அந்தத் தீர்த்தச் செம்பு அறியும். "பிராக்கெட்ட முதல்ல செய்யணும்னு நீங்கதான டீச்சர் சொல்லித் தந்திய?" என்று சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் உச்சந்தலையைத் தடவியது.

எங்கள் தமிழ் டீச்சர் சிரித்துச் சிரித்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய எண்ணைப் புதிய படத்தில் தேடினாலும் ஏதாவது ஒரு நிலம் கிடைக்கத்தான் செய்யும். அது யாருடையது என்பதுதான் பிரச்சினை. அதே பத்திரத்தில் கீழே நான்கெல்லையும் எழுதியிருந்தது, வடக்கே இன்னார் நிலம், தெற்கே ஓடை என்று. அங்கே ஓடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் நான்கெல்லையை வசனமாக எழுதியிருந்தார்கள். வசனம் வந்தால் நான் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுவேன்.

அவமானத்தில் கடப்பாரையை எடுத்துக் கல்லைப் பிடுங்கப் போனேன். சிமெண்டு காய்வதற்குள் தடயத்தை அழித்துவிட வேண்டும் என்பது என் திட்டம். மாமி கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நாடாவை விட்டவர் இதை விடவில்லை.

"மந்திரிச்ச கல்லு மக்களே. பிடுங்கப்படாது."

"எடுக்கலாம் பாட்டி, தப்பில்ல" என்றார் ஃபாதர்.

"நீங்க சின்னப் பிள்ள சாமி, உங்களுக்குத் தெரியாது" என்றார் நிலத்துக்காரர். மிக்கேல் அண்ணன் என்று பிற்பாடு பெயர் தெரிந்தது. ஒரே நேரத்தில் மாமிக்கும் அவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

பிலோமினா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். கதையை முழுக்கக் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவரோ கல்லருகே முழந்தாளிட்டுவிட்டார்.

"ஒரு மெழுகுதிரியோட முடிக்கப் பாத்தேன். அது போதாதுன்னு மாதாவே டீச்சர அனுப்பியிருக்கா."

மிக்கேல் அண்ணன் இன்னொரு முந்திரிக்கொத்து எடுத்துக்கொண்டார். அவர் தேங்காய்தானே.

என் வீட்டுக்கு அந்தத் தவக்காலத்துக்கு முன் கல் விழவில்லை. இரவெல்லாம் அழுதேன். ஆனால் வாடகை வீட்டுக்காரர் கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில், ஓணம் வரை இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் கழிந்து சர்வேயர் வந்து, ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் நிலத்தைக் காட்டினார். "டீச்சர், நாடாவக் கொஞ்சம் பிடிக்கியளா?" என்றார். மாட்டேன் என்று குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். நிலம் பத்திரத்தில் உள்ளபடியே இருந்தது, கூடுதலாக ஓர் அடிகூட இல்லை. மாமிக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. வீடு கட்டினோம். முதல் நாளே தேவையில்லாத இடத்தில் எல்லாம் ஆணி அடித்தேன்.

பிலோமினா அக்கா அந்தக் கல்லின் மேலேயே குருசடி கட்டினார். அதற்கு ஏதோ ஒரு நல்ல பெயரைப் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மினிபஸ் கண்டக்டர் முதல் மீன்காரர் வரை எல்லோருக்கும் அது டீச்சர் குருசடிதான்.

ஜெரால்டு போன வருடம் குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர், வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டு நேராக அடுக்களைக்கு வந்தார். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். சட்டியைப் பார்க்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்கிய?"

"ஆட்டோக்காரன்ட்ட டீச்சர் குருசடிப் பக்கம்னு சொன்னேன். அது யாருப்பா டீச்சருன்னு சும்மா கேட்டுப் பாத்தேன். 'பெரிய புண்ணியவதி சார், சொந்த நெலத்த அளந்து மாதாவுக்கு எழுதிக் குடுத்துட்டு அன்னைக்கே செத்துப்போனாவ. நெல வழக்கு உள்ளவங்க அங்க திரி கொளுத்தினா அளவு சரியா வரும்'னு சொல்லுகான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"வண்டிய நிறுத்தச் சொல்லி, உனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டுத்தான் வாறேன்."