சயோவின் கடைவாய்ப் பற்களை முன்னிட்டு

தொயாமா,
ஜூலை 28

மதிப்பிற்குரிய நொரிகோ அண்ணிக்கு,

சிஹோ வணக்கத்துடன் எழுதுவது. மழை ஓய்ந்து இங்கே சிள்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. ககோஷிமாவில் வெயில் இன்னும் கடுமையாக இருக்கும். அண்ணனின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். கோடைக்கால அன்பளிப்பாக நீங்கள் அனுப்பிய கருப்புச் சர்க்கரை மிட்டாய்ப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. வழக்கம்போல உங்கள் தாராள மனதுக்கு நன்றி.

இத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தால் இது நல்ல நன்றிக் கடிதமாக இருந்திருக்கும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், என் முகத்தைக்கூடக் கழுவாமல், சயோவின் பல் பிரஷைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தது. அவள் அப்பாவோடு பூங்காவுக்கு, விடுமுறையில் வானொலி இசைக்கு எல்லோரும் கூடிச் செய்யும் காலை உடற்பயிற்சிக்குப் போயிருந்தாள். போகும்போது "தேய்ச்சாச்சு!" என்று கத்தியது தூக்கத்தில் காதில் விழுந்தது. பிரஷ் ஈரமாகத்தான் இருந்தது. குழாயில் காட்டினால் எந்த பிரஷும் ஈரமாகும் என்பதை உங்கள் தம்பி மகள் முதல் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டதால், நான் இப்போது மோந்தும் பார்க்கிறேன். பற்பசை வாசனை இல்லை. கல்லூரியில் நான்கு வருஷம் இலக்கியம் படித்தவள், நாற்பத்து நான்கு வயதில், விடியற்காலையில் பிரஷை மோந்துகொண்டு நிற்கிறாள். கண்ணாடியில் அவளைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

காலையாவது பரவாயில்லை. சாயங்காலம் குளித்து முடித்ததும் கடைசித் தேய்ப்பு. அவள் தேய்த்து முடித்தபின் தலையை என் மடியில் போட்டுக்கொண்டு நான் மறுபடி தேய்க்க வேண்டும். புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களில் பள்ளம் அதிகம், நான்காம் வகுப்புவரை அம்மா கைதான் எட்டும் என்று பள்ளிக்கு வரும் பல் மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஆ காட்டு."

"காட்டிட்டுத்தானே இருக்கேன்."

"பேசினா வாய் மூடுதுடி."

"நீ கேட்டா பதில் சொல்ல வேணாமா?"

அப்புறம் பல்லிடுக்கு நூல். ஒட்டகச்சிவிங்கி பிடி வைத்தது, குழந்தைகள் ஆசையாகப் போட்டுக்கொள்வார்கள் என்று மருந்துக்கடைப் பெண் சொல்லித்தான் வாங்கினேன். ஆசையாகத்தான் போட்டாள், தன் பஞ்சுக் கரடிக்கு. பாக்கெட் காலி. "கரடிக்குப் பல்லே இல்லையேடி" என்றேன். "அதான் பாரு, நூல் போடாம விட்டதால எல்லாம் போயிடுச்சு" என்கிறாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இப்படியே போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். கோடை விடுமுறை வீட்டுப்பாடம் என்று பள்ளியிலிருந்து சிவப்பு மாத்திரைகள் கொடுத்தனுப்பினார்கள். மென்று துப்பினால் அழுக்கு இருக்கும் இடமெல்லாம் சிவக்கும். குடும்பத்தோடு செய்ய வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மென்றோம். சயோவின் பற்களில் ஆங்காங்கே கொஞ்சம். எனக்கு அதைவிட அதிகம். உங்கள் தம்பிக்கு முழுக்க முழுக்க. அதே நேரத்தில் வாசல் மணி அடித்தது. தெருவில் வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு அட்டையைக் கைமாற்றிக் கொடுக்க அடுத்த வீட்டுக் குவபாரா அம்மா வந்திருந்தார். உங்கள் தம்பிக்குத்தான் வாசலில் யாரைக் கண்டாலும் இடுப்பை வளைத்து வணங்கி, நிமிர்ந்து, பல் தெரியச் சிரிக்காவிட்டால் ஆகாதே. வணங்கினார், நிமிர்ந்தார், சிரித்தார்.

"ஐயோ, தெத்சுரோ தம்பி! வாயெல்லாம் ரத்தம்!"

"ரத்தம் இல்ல ஆன்ட்டி, அழுக்கு!" என்று பின்னாலிருந்து சயோ. "எங்க அப்பா வாய் பூரா அழுக்கு!"

குவபாரா அம்மா அதை நம்பவில்லை. மறுநாள் ஒரு பாத்திரம் அரிசிக் கஞ்சி வந்தது, பாவம், மெல்ல முடியாதல்லவா என்று. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அதில் எதை வைத்து அனுப்புவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

சயோ அன்று அதோடு விட்டாளா? அப்பாவைப் பாயில் படுக்கவைத்து, தலையைத் தன் சின்ன மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "வாயைத் திற. இன்னும். இன்னும்! வலிக்குதுன்னு பொய் சொல்லக் கூடாது. நாளைக்குச் சொத்தை விழுந்தா யாரு அழறது? நான்தானே?" என்றாள். பிறகு ஒரு பெருமூச்சு. அண்ணி, ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது, அந்தப் பெருமூச்சும்கூட. அவ்வளவு நீளமாகவா நான் மூச்சு விடுகிறேன்?

உங்கள் தம்பி தாடையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். "தினமும் இதையா அவளுக்குச் செய்யறே? விட்டுடு சிஹோ. அவ வாய் அவளோடது."

"பல்லு?"

"அதுவும் அவளோடதுதான்."

"சொத்தை விழுந்தா மட்டும் என்னோடதாக்கும்!"

ஆகவே, அண்ணி, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நான் கடைசித் தேய்ப்பை விடுகிறேன். மருத்துவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் குழந்தை என் காலடிச் சத்தம் கேட்டு வாயை மூடிக்கொள்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. நாளை ஒரு பல் கெட்டால் குடும்பத்தில் யாரும் என் பக்கம் விரல் நீட்டக்கூடாது என்பதற்காக, மூத்தவரான உங்களிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கும் பையன்களுக்கும் எங்கள் மூவரின் வணக்கங்கள்.

பணிவுடன்,
சிஹோ

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், கிழிசலை மன்னிக்கவும். சாயங்காலம் சயோ வந்து, "இனிமே நானே தேய்ச்சுக்கறேன், நீ வர வேணாம். அப்பா சரின்னுட்டாரு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தாள், நூல் போட்டாள், மிச்சமிருந்த சிவப்பு மாத்திரையையும் மென்றுவிட்டு வந்து வாயை அகலமாகத் திறந்தாள். "பாஸா?" என்றாள். "நல்லாப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். ஓடிவிட்டாள்.

நான் அப்படியே பாயில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் என்ன நடந்தது என்று சாப்பாட்டு மேசையில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். தினமும் கூடவே வீடு திரும்பும் தோழி கயானோ வேறு பெண்களோடு போகத் தொடங்கிவிட்டாள் என்பதை, விடுமுறைக்கு முன்பு ஒரு நாள், பிரஷ் வாயில் இருக்கும்போதுதான், என் முகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு, "ஆ-ஆ-ஓ ஏங்-ஊட ஆ-அல" என்று சொன்னாள். உலகத்தில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது.

அதனால் ஒரு முடிவெடுத்திருக்கிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாது, சயோவுக்கும் தெரியாது. கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், கண்ணாடியில் தெரியாத, அம்மா கை மட்டுமே எட்டும் இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது என்று நாளைக்குச் சொல்லப்போகிறேன்.

இல்லை, அண்ணி. ஒரு புள்ளிகூட இல்லை.